பள்ளி வாசலில் கார் வரிசை: ராமநாதபுரம் கடலோரத்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று இந்தக் கடலோரத்தில் எந்த ஊருக்கு மாற்றலாகி வந்தாலும், பள்ளியில் இடம் கிடைத்ததுமே பெரிய வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். கட்டண ரசீது, டைரி, சீருடை எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் காலையில் காரை எந்தப் பக்கமிருந்து கொண்டுவர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், பிள்ளை எந்தக் கதவு வழியாக இறங்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். டைரியில் எங்காவது ஓர் ஓரத்தில் 'போக்குவரத்துக்கு இடையூறின்றிப் பெற்றோர் ஒத்துழைக்கவும்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். மீதியை ஹாரன் சத்தத்திலும் மற்றவர்களின் முறைப்பிலும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். இங்கே பள்ளி வாசலில் நிற்பதில் பெரும்பாலானவை ஸ்கூட்டி, பைக், ஆட்டோ, வேன். நடுநடுவே சில கார்கள். ஒரு பிள்ளையை இறக்கிவிட நாலு ஸ்கூட்டி நிற்கும் இடத்தை அடைப்பது நம் கார்தான். அதனால் அதிகம் பொறுத்துப்போக வேண்டியவரும் கார்க்காரர்தான். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதுதான்.

1. பள்ளி திறக்குமுன் வாங்கிவைக்க வேண்டிய தாள்கள்

மே மாதக் கடைசி வாரத்தில் அலுவலகத்துக்கு ஒருமுறை போய், பிள்ளையைக் கூட்டிப்போகும் அட்டை உண்டா, காருக்கு ஸ்டிக்கர் உண்டா என்று கேளுங்கள். தனியார் பள்ளிகள் பலவற்றில் அட்டை இருக்கும். அதைக் காட்டாமல் மாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். பாஸ்போர்ட் அளவு படம், ஆதார் நகல், ஸ்டிக்கர் கொடுக்கும் பள்ளி என்றால் ஆர்.சி. நகல், இவற்றைக் கையோடு கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும். பள்ளி திறந்த வாரத்தில் போனால் புத்தகம் வாங்க வந்த கூட்டத்தோடு நிற்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் அப்பாக்கள் அதிகம். கடலுக்குப் போகிறவர்களும் அதிகம். 'குடும்பத் தலைவர்' என்று அப்பா படத்தை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டால் அந்த அட்டையை வைத்து என்ன செய்வது? தினமும் வாசலில் நிற்கப்போவது யாரோ அவர் படம்தான் முதலில் இருக்க வேண்டும். தாத்தாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஆத்திர அவசரத்துக்கு வரக்கூடிய இன்னொருவர் பெயரையும் அப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். பாதியில் பெயர் சேர்ப்பதென்றால் கடிதம், கையெழுத்து, முதல்வர் அனுமதி என்று இழுக்கும். அட்டை தொலைந்தால் மாற்று அட்டைக்குப் பணம் உண்டு. தொகை பள்ளிக்குப் பள்ளி மாறும்.

வண்டித் தாள்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புகைச் சான்று காலாவதியானது பலருக்கும் தெரிவதே இல்லை. அபராதம் 10,000 ரூபாய். காப்பீடு இல்லையென்றால் முதல் தடவை 2,000. டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்கும் பிரதியைக் காட்டினால் போதும், அசல்களைக் காரில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டியதில்லை.

உச்சிப்புளி கடற்படைத் தளத்துக்கோ மண்டபம் கடலோரக் காவல் படைக்கோ வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு செய்து ராமநாதபுரத்துப் பதிவெண்ணான டி.என். 65-க்கு மாற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அது கைக்கு வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லா மாநிலத்துக்கும் செல்லும் பி.எச். (பாரத்) வரிசை எண் என்றால் இந்த அலைச்சல் இல்லை.

பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாதாமாதம் பணம் வாங்குகிறவர்களும் உண்டு. வெள்ளை போர்டு காரில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அனுமதியின்றி வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். அபராதம் 10,000. அதைவிடப் பெரிய தலைவலி, விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் அவர்கள். பணம் வேண்டாம்.

2. பிள்ளை உட்கார வேண்டிய இடம்

பின் இருக்கை, இடது பக்கம். நம் ஊரில் சாலையின் இடது ஓரத்தில்தான் நிறுத்துவோம், ஆகவே இறங்குவதும் இடது கதவில்தான். வலது கதவில் சைல்டு லாக் எப்போதும் போட்டே இருக்கட்டும். வலது பக்கம் இறங்கும் பிள்ளை நேராகப் போகிற வண்டிகளுக்கு நடுவில்தான் கால் வைக்கும். இடது கதவின் லாக்கை எடுத்துவிட்டால் பிள்ளையே திறந்து இறங்கப் பழகிவிடும். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை நீங்கள் இறங்கித்தான் ஆகவேண்டும். அது தப்பில்லை. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அப்பா இறங்கி ஓடிவந்து கதவு திறந்துவிடுவதுதான் வரிசையை நிறுத்தும்.

14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்து ஓட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஸ்கூட்டியில் கொண்டுவிடும் நாட்களும் வரும். நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் உண்டு. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. இரண்டு பிள்ளையையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அப்பா ஓட்டினால் 1,000 ரூபாயோடு உரிமமும் மூன்று மாதம் முடங்கலாம்.

பெரிய பிள்ளைகள் தாங்களே ஸ்கூட்டி ஓட்டி வருவது இங்கே சர்வசாதாரணம். 'பதினொன்றாவது படிக்கிறான், நல்லா ஓட்டுவான்' என்பார்கள். 18 வயது ஆகாமல் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 16 வயதில் வாங்கும் உரிமம் 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்குத்தான் செல்லும். இன்று கடையில் விற்கும் ஸ்கூட்டி எதுவும் அநேகமாக அதில் அடங்காது.

3. எப்போது கிளம்புவது

மணி அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் நரகம். இருபத்தைந்து நிமிடம் முன்னால் வந்தால் வாசல் காலியாக இருக்கும், வாட்ச்மேன் வணக்கம்கூடச் சொல்வார். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு அப்படி வருவது லேசில்லை என்பது தெரியும். இருந்தாலும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். அது கண்டுகொள்ளாத சில சங்கதிகள் இங்கே உண்டு.

ரயில்வே கேட் ஒன்று. உங்கள் வழியில் கேட் இருந்தால், காலை ரயில் அதைக் கடக்கும் நேரத்தை முதல் வாரத்திலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் முண்டியடிப்பார்கள். அதில் வலப்பக்கம் ஏறிப் போய் நின்றால் எதிர்வண்டிக்கும் வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை.

அடுத்தது மீன் வண்டிகள். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. பள்ளி திறந்த புதிதில் சாலை காலியாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள். தடை முடிந்து படகுகள் கரை திரும்பத் தொடங்கியதும் ஐஸ் லாரியும் மீன் வேனும் அதே சாலையில் வரும். அவை சிந்திக்கொண்டு போகும் தண்ணீரில் ஸ்கூட்டி வழுக்கும். முன்னால் போகும் ஸ்கூட்டியை ஒட்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது அமாவாசை. ஆடி, புரட்டாசி, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் சாலை வெளியூர் வண்டிகளால் நிரம்பிவிடும். தேவிபட்டினத்திலும் நவபாஷாணத்துக்கு வருகிற கூட்டம் இருக்கும். பிள்ளை பாம்பன் பாலத்தைக் கடந்து படிக்கிறது என்றால் அமாவாசைதான் என்றில்லை, சுற்றுலாப் பருவம் முழுக்கவே கணக்கு மாறும். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, புதிய ரயில் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டு நிற்பார்கள். திட்டுவதால் அவர்கள் நகர்வதில்லை. அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11-ஐயும் தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30-ஐயும் ஒட்டி பரமக்குடி, கமுதி வழித்தடங்களில் காவல்துறை வாகனக் கட்டுப்பாடு விதிப்பது வழக்கம். முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டு வழியை முடிவுசெய்யுங்கள். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். உங்கள் பள்ளிக்கு அது பொருந்துமா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வரிசையில் சேருவது

பள்ளி உங்களுக்கு இடது கையில் வருமாறு வந்து சேருங்கள். எதிர்த் திசையிலிருந்து வந்து வாசல் முன்பு யூ டர்ன் அடிப்பதுதான் தினசரி நெரிசலுக்கு முக்கால் காரணம். ஒரு கார் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் இருபது வண்டி சேர்ந்துவிடும். அரை கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை, திரும்ப வசதியான இடத்தில் திரும்பி வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ராமேஸ்வரம் நெடுஞ்சாலையிலோ நேராக வாசல் வைத்த பள்ளி என்றால் இது இன்னும் முக்கியம். அங்கே மற்றவர்கள் பள்ளிக்கு வரவில்லை, தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வரிசை நீளமாக இருக்கிறதென்று வலப்பக்கம் இரண்டாவது வரிசை போடாதீர்கள். 'ஒரு நிமிஷம்தான்' என்று ஒருவர் தொடங்குவார், பின்னாலேயே ஆறு பேர் வருவார்கள், அப்புறம் பள்ளி வேன் நுழைய முடியாது. வேனுக்குள் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் உங்கள் ஒரு நிமிடத்துக்காகத் தாமதமாவார்கள்.

வாசலுக்கு நேர் முன்னால் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. பள்ளி, மருத்துவமனை வாசலருகே நிறுத்தக்கூடாது என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. தவறான இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500, அடுத்தடுத்து 1,500 ரூபாய். ஹாரனும் வேண்டாம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே தேவையில்லாமல் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய். வரிசையில் நிற்கும்போது போன் பார்ப்பதும் ஓட்டும்போது பார்ப்பதாகத்தான் கணக்கு. முதல் முறை 1,000, மறுபடி மாட்டினால் 10,000.

இனி ஓரங்கட்டுவது. தார் முடியும் இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு இறக்குங்கள். ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் சாலை ஓரத்தில் வெட்டிப்போட்ட கருவேலங்கிளைகளின் முள் மண்ணோடு கிடக்கும். டயரில் ஏறியது அப்போது தெரியாது, மாலையில் வண்டியை எடுக்கும்போதுதான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் முள் குறைவு, மணல் அதிகம். இடது சக்கரம் இரண்டும் மணலில் இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளேதான் போகும். சக்கரத்தை நேராக்கி, மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, இறங்கி நின்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் ஆட்டோ அண்ணன்மார் நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டுப் போவார்கள், காசும் வாங்க மாட்டார்கள்.

5. கதவு திறந்து மூடும் நேரம்

இங்கேதான் எல்லாம் தங்கிப்போகிறது. பத்து விநாடியில் முடிய வேண்டிய வேலை, வீட்டில் செய்யாமல் விட்டதெல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகிவிடும். கொஞ்சம் நின்று கவனித்தால் தெரியும். டிக்கியிலிருந்து பையை எடுப்பார்கள். பையில் சாப்பாட்டுக் கூடையின் வார் மாட்டியிருக்கும். அதை விடுவிக்கும்போது தண்ணீர் பாட்டில் உருண்டு வண்டிக்கு அடியில் போகும். பிள்ளை ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும், ஒரு சாக்ஸ் சீட்டுக்கு அடியில். பிறகு டைரியில் கையெழுத்து. பேனா இருக்காது.

டிக்கியில் எதையும் வைக்காதீர்கள். பை பிள்ளையின் காலடியில், சாப்பாட்டுக் கூடை மடியில். ஷூ வீட்டிலேயே மாட்டியாகிவிட வேண்டும். ஐடி கார்டு கழுத்தில். டைரிக் கையெழுத்து முந்தின இரவு. முத்தம், திருநீறு, துவா எல்லாம் தெருமுனையிலேயே முடியட்டும். உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி இருக்கும்போது பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நின்றதும் இடது கண்ணாடியைப் பாருங்கள். காருக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்தில் நுழைந்து வரும் பைக் நிச்சயம் ஒன்று இருக்கும். அது போனதும் 'இறங்கு' என்று சொல்லுங்கள். அதற்கு முன் கதவில் கை வைக்கக்கூடாது என்று பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள்.

முன்னால் காலியாக இருந்தால் நேர் வாசலுக்காகக் காத்திருக்காமல் முன்னே போய் நிறுத்துங்கள். பிள்ளை இருபது அடி நடக்கும். நடக்கட்டும்.

6. இறக்கிவிட்ட பின்

போய்விடுங்கள். பிள்ளை உள்ளே போய் மறையும் வரை பார்க்க வேண்டும் போலிருந்தால் தள்ளிப்போய் நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். மிஸ்ஸிடம் பேசுவதானாலும் அப்படியே.

7. மாலை

காலையைவிட மாலைதான் சிக்கல். காலையில் வந்த வண்டி நகரும், மாலையில் வந்த வண்டி நிற்கும். அரை மணி முன்னால் வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு நடு வரிசையில் தூங்குகிறவர்கள் உண்டு. முன்னால் வருவது தப்பில்லை, வாசலை விட்டுத் தள்ளி, நிழலில், பிறர் வீட்டு வாசலை மறைக்காமல் நிறுத்துங்கள். கீழக்கரை போன்ற நெருக்கமான தெருக்களில் காரை உள்ளே கொண்டுவராமல் பெரிய சாலையிலேயே விட்டுவிட்டு நடப்பதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமை மதியம் சீக்கிரம் விட்டால் ஜும்மா முடிந்து வருகிற கூட்டமும் அதே தெருவில்தான் வரும்.

சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு விடும் நேரம் வேறாக இருந்தால், இரண்டு பிள்ளை உள்ளவர்கள் பெரிய பிள்ளையை விடும் நேரத்துக்கு வந்தால் போதுமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சின்னதை அண்ணனோ அக்காவோ வரும்வரை ஆயா பொறுப்பில் உட்காரவைப்பார்கள். அட்டையைப் பையில் தேடாமல் கையில் வைத்திருங்கள். பிள்ளை வந்ததும் அன்றைக்கு என்ன நடந்தது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். காரில் போகும்போது அதுவே சொல்லும்.

8. கச்சானும் மழையும்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. மணல் கண்ணில் அடிக்கும் என்பதோடு, கதவையும் பிடுங்கும். பிள்ளை லேசாகத் திறந்த கதவை காற்று முழுசாக விரித்துவிட, பக்கத்தில் வந்த ஸ்கூட்டிக்காரர் அதில் மோதுவார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே திறக்கச் சொல்லிக்கொடுங்கள். சார்ட் பேப்பரைச் சுருட்டி ரப்பர் போட்டு, முடிந்தால் உறைக்குள் வைத்துக் கொடுங்கள். விரித்துப் பிடித்த சார்ட் கையை விட்டுப் பறந்தால் பிள்ளை சாலையைப் பார்க்காமல் அதன் பின்னால்தான் ஓடும். காற்றுக்காலத்தில் இதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. எல்லோரும் அன்றைக்கு வாசலுக்கு ஒட்டியே இறக்க நினைப்பார்கள், அதனால் இரண்டு மடங்கு நேரம் ஆகும். குடையைக் காருக்குள் விரிக்க முயலாமல் மழைச்சட்டையை வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய ஓரத்தில் சாக்கடை மூடி உடைந்திருப்பது தெரியாது. பழக்கமில்லாத ஓரத்தில் பிள்ளையை இறக்க வேண்டாம். புயல் சின்னம் என்று கேள்விப்பட்டால் கிளம்புமுன் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா என்று பாருங்கள். காலையில்கூட அறிவிப்பு வரும்.

9. வாய்த்தகராறு வந்தால்

வரும். யாராவது குறுக்கே நிறுத்துவார், யாராவது கத்துவார். கண்ணாடியை இறக்கி, 'அண்ணே, கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணே' என்றால் பத்தில் எட்டுப் பேர் எடுத்துவிடுவார்கள். கீழக்கரையில் 'காக்கா' என்று கூப்பிட்டுக் கேளுங்கள், அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'டிரைவிங் தெரியுமாய்யா' என்று தொடங்கினால் அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்குவார், அப்புறம் மணி அடிக்கும் வரை யாரும் நகர முடியாது. வாட்ச்மேன் கை காட்டினால் அவர் சொல்வதுதான் சட்டம், வெயிலில் நின்று வரிசையைப் பார்ப்பவர் அவர். அவரைப் பெயர் சொல்லியோ அண்ணன் என்றோ கூப்பிடுங்கள். 'ஏய் வாட்ச்மேன்' வேண்டாம், உங்கள் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்தவர் வண்டி எண்ணைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். தினமும் ஒரே ஆள் தொல்லை தருகிறார் என்றால் தேதி, நேரம் குறித்து முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் பள்ளி அசையும். சாலையில் வேகத்தடை, போக்குவரத்துக் காவலர் போன்றவை வேண்டுமென்றால் பள்ளியின் கடிதத்தோடு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். செலவு இல்லை. மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை கேட்கப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

10. நீங்கள் வர முடியாத நாள்

காலையிலேயே டைரியில் எழுதிவிடுங்கள்: யார் வருவார், என்ன உறவு, என்ன வண்டி. போனில் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள், மாலையில் வாசலில் நிற்கும் ஆசிரியை வேறொருவராக இருப்பார். வருகிறவர் அட்டையில் இல்லாதவர் என்றால் அவர் ஆதாரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி நாளில் கூட்டிப்போவதானால் கடிதம் தனி. அட்டை ஒரு கல்வியாண்டுக்குத்தான், மே மாதம் புதுப் படத்தோடு மறுபடி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.